டாங்கிள் என்ற பெயரில் ஒரு சிடி

வெள்ளக்கடை கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கேபிள் வராததால், ஒண்டிக்கடைப் பகுதியில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கடையில், சிம் கார்டு வழியாக இன்டர்நெட் தரும் டாங்கிள் ஒன்று வாங்கி வந்து லேப்டாப்பில் செருகினேன். சனியன், திரையில் தன்னை சிடி என்று காட்டிக்கொண்டது. உள்ளே இருந்ததோ விண்டோஸுக்கான மென்பொருள் மட்டும். என்னுடையது லினக்ஸ். டாங்கிளை மோடமாக மாற்ற ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அதையும் இன்டர்நெட்டில்தான் இறக்க வேண்டும். தூ!

கொட்டும் மழையில் மறுபடி பஸ் ஏறினேன். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் செருகியதுமே டாங்கிள் வேலை செய்தது.

“இது நல்லாத்தானுங்க இருக்குது. பேசாம உங்களுக்கும் விண்டோஸே போட்டுத் தரட்டுங்களா?” என்றார்.

“வேண்டாங்க. நான் சொல்லாம என்ற லேப்டாப்புல ஒண்ணும் நடக்காதுங்க. அதுக்குத்தான் லினக்ஸ்” என்றேன் வெடுக்கென்று. அப்படிச் சொல்லிவிட்டு, அவருடைய கம்ப்யூட்டரிலேயே அந்தப் புரோகிராமை இறக்கி, பென் டிரைவில் எடுத்து வந்தேன்.

வீட்டில் ஒருவழியாக இன்டர்நெட் வந்தது. ஈரச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ வைக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அன்றைய டேட்டா மொத்தமும் தீர்ந்திருந்தது. லேப்டாப் தனக்கு வேண்டிய அப்டேட்டையெல்லாம் இறக்கித் தின்றிருந்தது, நான் சொல்லாமலே.