வார்னிஷில் ஒட்டிய பொடி ஈக்கள்

வார்னிஷ்காரருக்கு இந்த உலகத்தில் ஆகாதவை மூன்று: தூசி, ஈரக்காற்று, அக்கா. முதல் இரண்டுக்கும் ஜன்னலைச் சாத்தினால் போதும். மூன்றாவது அந்த ஜன்னலடியிலேயே வந்து குடியேறிவிட்டது.

அப்பா விட்டுப்போன வீடு, இருவருக்கும் பொது. தம்பி கல்யாணம், குடும்பம் என்று எதற்கும் போகாமல் அதிலேயே இருந்துவிட்டார். அக்கா தொலைபேசி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்து, கணவரும் போன பிறகு தன் பங்கு வீட்டுக்குத் திரும்பினாள். வந்தவள் சும்மா வராமல் ஒரு வண்டி நிறையச் செடித்தொட்டிகளோடு வந்தாள். வீட்டில் ஒழுங்காக வெளிச்சம் விழுகிற ஜன்னல் முன்னறையில் ஒன்றுதான் உண்டு. அங்கேதான் தம்பி வருஷக்கணக்காக மேசைக்கும் அலமாரிக் கதவுக்கும் வார்னிஷ் அடித்துப் பிழைக்கிறார். பிரஷ் ஓடிய கோடு தெரிகிறதா என்று சாய்த்துப் பார்க்க அந்த வெளிச்சம் வேண்டும். அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் தொட்டிகளை அங்கே அடுக்கிவிட்டாள்.

"இது நான் வேலை செய்யிற இடம்."

"என் பங்கும் இதுலதான் இருக்கு. செடிக்கு வெளிச்சம் வேணும்."

"எனக்கும்தான் வேணும்."

"ஏன், நீ என்ன இலையா விடப்போறே?"

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. சோறு தனித்தனி, டீ தனித்தனி. குளியலறைக் கதவைத் தட்டுவதில்கூட ஒரு விரோதம் இருந்தது.

வார்னிஷ்காரருக்கு நேருக்கு நேர் சண்டை போட வராது. மனசுக்குள் கறுவத்தான் வரும். காலையில் அக்கா குளிக்கப் போனதும் சமையலறைக் குவளையை நிரப்பிக்கொண்டு வந்து தொட்டி தொட்டியாக ஊற்றுவார். அவள் ஊற்றியதற்கு மேலேயே ஊற்றுவார். வேர் அழுகி எல்லாம் மஞ்சளாகிச் செத்தால், அவளாகவே மூட்டை கட்டுவாள் என்று நினைப்பு. செடியை வெட்டினால் மாட்டிக்கொள்ளலாம், தண்ணீரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நரைத்த தலை செய்கிற காரியமா இது என்றால், இல்லைதான். கூடப் பிறந்தவர்கள் மறுபடி ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டால் புத்தி பழைய வயசுக்கே போய்விடுகிறது.

செடிகள் அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. ஈ வந்தது.

கடுகில் பாதிகூட இல்லாத கறுப்புப் பொடி ஈ. கடிக்காது, கத்தாது. தொட்டிக்கு மேலே புகை மாதிரி சுற்றும், பிறகு நேராக வந்து ஈர வார்னிஷில் உட்காரும். உட்கார்ந்தது எழ முடியாமல் காலை இழுத்து இழுத்து ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் சாகும். ஊசியால் எடுத்தால் பள்ளம் விழுந்தது. காயவிட்டு, தேய்த்து, இன்னொரு பூச்சு அடித்தால் இன்னொரு ஈ. மருந்து அடித்தார், மருந்தின் துளி விழுந்து வார்னிஷ் அம்மை போட்டது. மின்விசிறியைப் போட்டார், தூசி வந்து ஒட்டிற்று. ஒரு கிண்ணத்தில் வினிகரும் சோப்பும் கலந்து வைத்ததில் கொஞ்சம் செத்தன. மற்றவை துக்கம் விசாரிக்க வந்தது போலக் கூட்டமாக வந்தன.

வேலை கொடுக்கிற மரச்சாமான் கடை முதலாளி ஒரு நாள் வந்து கதவின்மேல் விரலை ஓட்டினார். "இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம் டிசைனா?" என்று கேட்டார். பிறகு சிரிக்காமல், "இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார்.

அவர் தெருவைத் தாண்டுவதற்குள் வார்னிஷ்காரர் அக்கா முன்னால் போய் நின்றார். "செடியைத் தூக்கு. இல்லேன்னா நீ கிளம்பு. என் பிழைப்புல மண்ணைப் போடத்தான் வந்தியா?"

எதற்கும் ஒன்றுக்கு நாலாகத் திருப்பித் தருகிறவள், "ஈயைப் போக வச்சுடறேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் தொட்டிக்குத் தொட்டி பசை தடவிய மஞ்சள் அட்டைகள் நின்றன. சீக்கிரமே அவை ஈ அப்பிக் கறுத்தன. தினமும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள், விரலையே வெறித்துக்கொண்டு நிற்பாள். இவருக்கு அது நடிப்பாகப் பட்டது. எரிச்சலில் தொட்டிக்கு இன்னொரு குவளை கூடுதலாக ஊற்றினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், கதவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா பெட்டியோடு வந்து நின்றாள்.

"பொண்ணு வீட்டுக்குப் போறேன். செடியெல்லாம் தூக்கிப் போட்டுடு. உனக்குத்தான் சந்தோஷமாச்சே."

சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன திடீர்னு?"

"நர்சரிக்காரர் சொன்னார், அந்த ஈ ஈர மண்ணுலதான் முட்டை போடுமாம். தண்ணியை நிறுத்தினா மேல்மண்ணு காஞ்சு புழுவெல்லாம் செத்துடும்னார். அன்னைக்கே நிறுத்திட்டேன். ஆனா எப்போ விரலை விட்டாலும் சொதசொதன்னு இருக்கு." அவள் குரல் இறங்கியது. "நான்தான்டா ஊத்தறேன். ஊத்திட்டு மறந்துடறேன். அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது? அடுப்பைப் பத்த வச்சுட்டு, யாருடி பத்த வச்சதுன்னு என்னையே கேட்பா. பொண்ணு டாக்டர்கிட்ட நாள் வாங்கி வச்சிருக்கா."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை ஈயையும் வளர்த்தது அவர் கை. அப்போதும் முதலில் வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் போய்விடுவாள், மண் காயும், ஈ போகும், ஜன்னல் அவருக்கு. வாயை மூடிக்கொண்டும் இருந்தார்.

அக்கா அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கச் சமையலறைக்குப் போனாள். வந்தாள். செருப்பை மாட்டியவள் கழற்றிவிட்டு மறுபடி போனாள். திரும்பி வந்து, "அணைச்சுத்தான் இருக்கா? நீ ஒரு தடவை பாரேன்" என்றாள்.

"நான்தான் ஊத்தினேன்" என்றார்.

"என்ன?"

"தண்ணி. தினமும், நீ குளிக்கப் போனதும். செடி அழுகட்டும், நீ போய்த் தொலையட்டும்னு ஊத்தினேன்."

கன்னத்தில் விழும் என்று நின்றார். அக்கா பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

"தினமுமா?"

"தினமும்."

"ஒரு நாள்கூட விடலையே?"

"விடல."

"நெஜமா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். பிறகு அவசர அவசரமாகப் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி. ஒண்ணுமே இல்ல. உங்க மாமாதான் ஊத்தியிருக்கான். ஆமாடி, வேணும்னேதான். தினமும்." பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இதற்கு அவள் அவரை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அந்தப் பக்கம் மகள் ஏதோ சொன்னாள். அக்கா போனை நீட்டினாள்.

"உன்கிட்ட பேசணுமாம்."

"நான் என்ன சொல்ல?"

"என்கிட்ட சொன்னதையே சொல்லு. எதுக்கு ஊத்தினேன்னும் சேர்த்துச் சொல்லு."

வார்னிஷ்காரர் மரத்தூள் படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "மாமா" என்று மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண் அழுகிற சத்தம்தான்.