சோற்று நேரத்துப் பேய்

பக்கத்து வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார்கள். "வாயத் திற, கோணிபில்லா பிடிச்சு சாக்குல போட்டிருவான்!" இங்கே சோறு பிசைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து கற்பிட்டி அகதி முகாமுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. ஊர்ப் பிள்ளைகள் யாரும் விளையாட்டில் சேர்க்கவில்லை. தண்ணீர் அள்ளப் போன வீட்டில் ஒரு தாய் தன் மகனுக்கு என்னைக் காட்டினாள்.

"தின்னு. இல்லாட்டி இந்தக் கேம்புப் புள்ள தூக்கிட்டுப் போயிரும்."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினான். அவள் சிரித்தாள். "நாளைக்கும் சோத்து நேரத்துக்கு வா புள்ள."

என்னை வா என்று சொன்ன ஒரே வீடு அதுதான். தினமும் போனேன். ஒருநாள் அவள் உள்ளே போயிருந்தபோது அவனிடம் என் பெயரைச் சொன்னேன். அவனும் தன் பெயரைச் சொன்னான்.

மறுநாள் என்னைக் கண்டதும் சிரித்தான். சோற்றைத் தொடவே இல்லை.

"இனி நீ வராத புள்ள," என்றாள் அவள். "இவனுக்கு உன்னில பயமில்லாமப் போச்சு."