வண்டியின் வயிற்றில் மீன் பலகை

என் வண்டி அந்தப் பாறையில் ஏறியது. அதைப் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் அதன் அடித்தட்டைத் தெரிந்தெடுத்தது யார் என்று கேட்டபோது நான் சொன்னது பொய். ஒன்றைச் சொல்லி மற்றதை விட எனக்கு மனம் வரவில்லை.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளி எங்கள் வீடு. பின்னால் ரப்பர் தோட்டத்தைத் தாண்டினால் வேலை நின்றுபோன ஒரு கல்குவாரி உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் நாலைந்து இளைஞர்கள் அங்கே ரிமோட் வண்டிகளோடு வருவார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், இன்னொருவர் வங்கியில் இருக்கிறார். வண்டிகள் பாய்ந்து ஓடுகிறவை அல்ல. உடும்பு போல மெதுவாகத் தொற்றிப் பாறையில் ஏறுகிறவை. அச்சும் மோட்டாரும் சக்கரமும் கடையில் வாங்கலாம். அவற்றையெல்லாம் தாங்கும் எலும்புக்கூட்டை, அதாவது சேசியை, அவரவரே செய்துகொள்வதுதான் அங்கே மரியாதை.

பாலிடெக்னிக்கில் பொருட்களின் வலிமை பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கூட்டத்தில் நரைத்த தலை என்னுடையது மட்டும்தான். என் மனைவி பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள். காஞ்சிரங்குளத்துக்கு அப்பால் கடற்கரையில், மீன்பிடி வள்ளம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். வேலை செய்யும் மேசையின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவள். கண் மங்கிய எனக்குத் திருகாணிகளை எடுத்துத் தருவதில் தொடங்கி, போகப்போக என் கணக்கில் குறை சொல்லும் இடத்துக்கு வந்திருந்தாள். அந்தப் பேச்சுக்காகவே நான் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

முதல் சேசி, சமையலறை அலமாரி செய்ததில் மிஞ்சிய பிளைவுட். குவாரிக் குழியில் தேங்கிய மழைத் தண்ணீரில் ஒருமுறை குளித்ததும் அது இட்லி மாதிரி உப்பிவிட்டது. அடுத்து, பி.வி.சி. குழாயைத் தீயில் வாட்டிப் பலகையாக்கிச் செய்தேன். கையில் எடுத்தால் எடையே தெரியாது. சித்திரை வெயிலில் காய்ந்த பாறைமேல் அரைமணி நேரம் நிறுத்தியதில் அது வாழைத்தோல் போல வளைந்தது.

பிறகு காட்டாக்கடையில் பழைய இரும்புக் கடையில் ஒரு அலுமினியத் தகடு கிடைத்தது. பஸ் பாடியிலிருந்து கழற்றியது என்றார்கள். அதை அறுத்து, ராவி, விளிம்புகளை மடக்கி, இரண்டு பக்கச் சட்டங்களும் அடித்தட்டும் செய்தேன். இன்று எடுத்துப் பார்த்தாலும் அந்தச் சட்டங்களில் ஒரு குறை சொல்ல முடியாது. கையால் அறுத்ததென்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் குவாரியில் ஒரு பாறை இருந்தது. இளைஞர்கள் அதற்கு அம்மாயியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். மலையாளத்தில் மாமியார். யார் போனாலும் பிடித்து நிறுத்திவிடுமாம். முன்சக்கரம் ஏறிவிடும். வயிறு விளிம்பில் உட்காரும். கருங்கல்லின் சொரசொரப்பு அலுமினியத்தைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரங்கள் சும்மா சுழலும்.

"சாரே, அம்மாயியம்மா விடமாட்டா. ஒரு கிலோ அல்வா வாங்கிட்டு வாங்க" என்பார் ஆட்டோக்காரர்.

மூன்று ஞாயிறுகள் அப்படிப் போயின. தகட்டை இன்னும் கனமாக்குவது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி சமையலறையிலிருந்து மீன் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். ஒரு விரல் கனம். கத்தி வெட்டிய கோடுகள் எல்லாம் இருந்தன.

"இத அறுத்து அடியில வையுங்க."

"இது அடுக்களைச் சாமானாக்கும். சேசிக்கு உறுதி வேணும்."

"உறுதி சைடுல உண்டில்லா? அது போதும். அடியில உறுதி எதுக்கு? கரையில வள்ளத்த ஏத்தும்போ அடியில என்ன போடுவினும்? நனைஞ்ச தென்ன மட்டயா, இல்ல இரும்புக் கம்பியா?"

"வள்ளம் மணல்ல போறது. இது பாறை."

"உரசுத எடத்துல வழுக்கணும். மணலானா என்ன, பாறையானா என்ன? இதுல பசையே ஒட்டாது, பாற எப்படி ஒட்டும்? சாரு படிப்பிச்ச பாடத்துல உராய்வு இல்லியோ?"

இருந்தது. முப்பது வருடம் நடத்திய பாடம். இரண்டு நாள் வீம்பாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பலகையை அறுத்தேன். திருகாணித் தலைகள் வெளியே தெரியாமல் அமிழ்ந்து உட்காரும்படி குழி எடுத்தேன். எவ்வளவு கழுவியும் மீன் வாடை போகவில்லை. வராந்தாவில் ஓட்டிப் பார்த்தபோது வீட்டுப் பூனை வண்டியின் பின்னாலேயே போனது.

அந்த ஞாயிறு மனைவியும் குடை பிடித்துக்கொண்டு குவாரிக்கு வந்தாள். முன்சக்கரம் ஏறியது. வயிறு விளிம்பில் உட்கார்ந்தது. ரிமோட்டில் கட்டைவிரலை அழுத்தினேன். பிறகு வண்டி வெண்ணெயில் கத்தி போல முன்னால் வழுக்கியது. பின்சக்கரம் கல்லைப் பிடித்தது. மேலே போய் நின்றது. இளைஞர்கள் கூவினார்கள். ஆட்டோக்காரர் வண்டியைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார்.

"எலே மக்கா, இத வந்து பாரு! சாரே, இது என்ன சாதனம்? ஆருக்க ஐடியா?"

"நான்தான் தெரிஞ்செடுத்தேன்" என்றேன்.

அதோடு நிறுத்தவில்லை. உராய்வுக் கெழு, பாலிஎத்திலீன், எடை கீழே இருக்க வேண்டிய காரணம் என்று வகுப்பே எடுத்தேன். வள்ளத்தையும் தென்னை மட்டையையும்கூட என் உதாரணமாகச் சொன்னேன். அவள் நாலடி தள்ளிக் குடைக்குள் நின்றிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினேன். அதுதான் எனக்கு இப்போதும் சுடுகிறது. மறந்துபோய்ச் சொன்னதாக இருந்தால், பார்த்திருப்பேனே.

வீடு திரும்பும் வழியில் அவள் குடையோடு முன்னால் நடந்தாள். மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது, "புதுப் பலகை ஒண்ணு வாங்கணும். பழையத சாரு கண்டுபிடிச்சு எடுத்துட்டாரே" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் மேசைக்கு வரவில்லை. திருகாணி கீழே விழுந்தால் நானே குனிந்து தேடினேன். கணக்கில் குறை சொல்ல ஆளில்லாமல், போட்ட கணக்கு சரியா என்றும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு குவாரிக்கு அவளைக் கூப்பிட்டேன். முழங்கால் முட்டு வலி என்றாள். நான் தனியே போனேன். வண்டியைக் கீழே வைக்கும் முன், எல்லாரையும் அழைத்துச் சொன்னேன்.

"போன வாரம் நான் சொன்னது பொய். அடித்தட்டு என் மனைவியின் யோசனை. நான் முதலில் வேண்டாமென்றேன். அந்த வள்ளக் கதையும் அவளுடையது."

பெரிய அமைதி ஒன்றும் உண்டாகவில்லை. வங்கிக்காரர் தன் வண்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அப்போ டீச்சர் எங்க சாரே? என் வண்டி எடது பக்கமாட்டே கவிழுது, கேக்கணும்" என்றார். ஆட்டோக்காரர் மட்டும் சிரித்தார். "வீட்டுல சோறு கிடைக்கல்ல, அப்படித்தானே?"

திரும்பி வந்தபோது அவள் அடுக்களையில் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாருக்கும் முன்னால சொன்னியளா?"

"சொன்னேன்."

"தமிழ்லயா, மலையாளத்துலயா?"

"இரண்டுலயும்."

கையைக் கழுவிவிட்டு வந்து வண்டியைத் திருப்பினாள். அடித்தட்டில் விழுந்திருந்த கீறல்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். முன் விளிம்பில் விரல் நின்றது.

"இங்க முட்டுது பாருங்க. இத சரிச்சு ராவியிருக்கணும். வள்ளத்துக்கு மூக்கு வச்சிருக்கது சும்மாவா? இதும் தெரியாமலா அங்க கிளாஸ் எடுத்திய?"

"தெரியல்ல" என்றேன்.

"அந்த அரத்த இங்க தாங்க."

கொடுத்தேன். அவள் ராவ, நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைத் துருவல் மேசையில் உதிர்ந்தது. பூனை வந்து மோந்து பார்த்தது. அடுத்த ஞாயிறு அம்மாயியம்மாவின் மேல் வண்டி ஒருமுறைகூட நிற்காமல் ஏறியது. ரிமோட் அவள் கையில் இருந்தது. குடை என் கையில்.