உப்பில்லாப் பத்தியம்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மூன்று சுழி போடவேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டிருப்பேன். மண்வெட்டி பிடித்த கையில் பேனை வழுக்குகிறது. வாயால் சொல்லலாமே என்றால், ஒருவரின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம்.

அக்காவின் மகன், என் மருமகன், கொழும்பில் வைத்தியம் படிக்கிறான். போன கிழமை புத்தூருக்கு வந்தபோது, எங்கள் மகள் என்னென்ன சாப்பிட்டாள், வயிறு எப்படி இருந்தது என்பதை எல்லாம் எழுதித் தரச்சொன்னான். அவள் செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

அவளுக்குப் பெரிய பசி. என்னோடு இருந்து எனக்குச் சரியாகச் சாப்பிடுவாள். தன் கோப்பையை வழித்துவிட்டு என் கோப்பையைப் பார்ப்பாள். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. கையும் காலும் ஈர்க்கு மாதிரி. வயிறு மட்டும் குடம். நாளுக்கு ஐந்தாறு தரம் வெளிக்குப் போவாள். எழுதக் கூசுகிறது, ஆனால் மருமகன் அதுதான் முக்கியம் என்றான். வெளிறிய நிறமாக இருக்கும். எண்ணெய் படர்ந்து மினுங்கும். தண்ணீர் ஊற்றினால் மிதக்கும். நாற்றம் வேலி தாண்டிப் போகும்.

"உங்கடை பெட்டைக்கு என்னத்தைத் தீத்துறியள், செத்த எலியையோ?" என்று அடுத்த வளவுக்காரி வேலிக்கு மேலால் கேட்டுச் சிரித்தாள். என் மனைவி அன்று முழுக்க முற்றத்துக்கு வரவில்லை.

எங்கள் பகுதிப் பரியாரியார் வந்து நாடி பார்த்து, மாந்தம் என்றார். எண்ணெய், நெய், தேங்காய்ப்பால் மூன்றையும் நிறுத்தச் சொன்னார். புட்டுக்குத் தேங்காய்ப்பூவும் கூடாது. ஆட்டுப்பாலை ஆடை நீக்கிக் கொடுக்கலாம், வாழைப்பழம் எத்தனையும் கொடுக்கலாம் என்றார். அப்படியே செய்தோம். ஒரு மாதத்தில் வயிறு வற்றியது. வெளிக்குப் போவது இரண்டு தரமாகக் குறைந்தது. இருமல் மட்டும் நிற்கவில்லை. ஆனாலும் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டோம். அதன்பிறகு அவர் சொல்லுக்கு எங்களிடம் மறுசொல் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் இரண்டாவது பத்தியத்தையும் கேட்டோம்.

அந்தக் கோடையில் வெயில் கடுமை. "பிள்ளையைக் கொஞ்சினால் உப்புக் கரிக்குது" என்று மனைவி அடிக்கடி சொல்லுவாள். நானும் கொஞ்சிப் பார்த்தேன். உண்மைதான். வேர்வை காய்ந்தால் நெற்றியில் வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடக்கும், வற்றின கடற்களப்பின் கரையில் கிடப்பது போல. பரியாரியார் விரலால் நெற்றியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உடம்பிலை உப்பு மிஞ்சிப்போச்சு, பிள்ளை" என்று மனைவியிடம் சொன்னார். "கொள்ளாமல் வெளியிலை தள்ளுது. இனி உப்பில்லாப் பத்தியம். ஒரு கல்லும் படக்கூடாது."

எனக்கு அது சரியாகவே பட்டது. பானையில் கூடிப்போனது பொங்கி வெளியே வழியத்தானே செய்யும்.

உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத முருங்கையிலை. முதல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் தன் கையைத் தானே நக்கத் தொடங்கினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், கன்றுக்குட்டியை மாடு நக்குவது மாதிரி. நாங்கள் கையைத் தட்டிவிடுவோம். ஒருநாள் மோர்மிளகாய் காயவைத்த பாயடியில் இருந்து, கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் வடிய வடியத் தின்றுகொண்டிருந்தாள். மனைவி ஓடிப்போய்த் தூக்கினாள்.

"ஏனடி, உறைக்கேல்லையோ?"

"உறைக்குது. உப்பாயும் இருக்கு."

அதைக் கேட்டதும் என் மனம் உடைந்துபோயிற்று. பரியாரியாரிடம் போய், பிள்ளை இப்படிக் கேட்கிறாளே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு தரம் அவர் படலை மட்டும் போய், உள்ளே ஆட்கள் இருந்ததால் திரும்பி வந்தேன். சொல்லத் துணிவில்லாதவன் களவாகச் செய்தேன்.

காலையில் அவளைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவேன். எனக்குக் கட்டித் தந்த பழஞ்சோற்றில் உப்பும் வெங்காயமும் இருக்கும். அந்தத் தண்ணீரைச் சிரட்டையில் வார்த்துக் கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் எழும்பி, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் வழியே ஓடினாள். நடக்கவே சோம்பும் பிள்ளை.

"அப்பு, நாளைக்கும் தருவியளோ?"

"கொம்மாவுக்குச் சொல்லாட்டித் தருவன்."

"சொல்லமாட்டன். ஆனால் சிரட்டை சின்னன். பெரிசாய்ப் பாத்து எடுங்கோ."

நாலு நாள் கொடுத்தேன். நாலு நாளும் அவள் ஓடினாள். ஐந்தாம் நாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது.

பரியாரியார் வந்து பார்த்துவிட்டு எழும்பி நின்றார். "பத்தியத்தை ஆர் முறிச்சது?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் அது சின்னக் கேள்வி இல்லை. பத்தியம் முறிந்தால் தின்ற மருந்தே நஞ்சாகும் என்பார்கள். மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். "நான்தான்" என்றேன்.

"தம்பி, நீ பிள்ளைக்குக் குடுத்தது உப்பில்லை" என்றார் அவர்.

அதன்பிறகு ஒரு கல்லும் படவில்லை. வெறும் தண்ணீரும் உப்பில்லாக் கஞ்சியும்தான். வெயில் கூரையைப் பிளந்தது. குடித்ததைச் சத்தி எடுத்தாள். கண் உள்ளே போய்விட்டது. கையை நக்குவதற்கும் தூக்க முடியவில்லை. வாயைத் திறந்து என்னைப் பார்த்தபடி கிடப்பாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எட்டாம் நாள் மத்தியானம் போய்விட்டாள்.

செத்த வீட்டிலேயே கதை பரவிவிட்டது. இரண்டு மாதம் கழித்து மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் இறக்கும்போது ஒருவன் சொன்னான்: "உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டுறவங்கள். உவரை நினைக்கத்தான் ஆள் இல்லாமல் போச்சு." நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். நான் சாக்கை உதறி மடித்துக்கொண்டு வந்தேன். மனைவி என்னை ஒருநாளும் ஏசியதில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

போன கிழமை மருமகன் கேட்டபோதுதான் அந்தக் கதை திரும்ப வீட்டுக்குள் வந்தது. வயிற்றுக்குப் பின்னால் ஒரு சதை இருக்கிறதாம். அது பழுதானால் எண்ணெய்ப் பொருள் செமியாதாம், சுவாசமும் பழுதாகுமாம். பிள்ளை பிறக்கும்போதே அந்த வருத்தத்தோடு பிறக்கிறதாம். மருந்து இன்னும் இல்லையாம்.

"எண்ணெயை நிப்பாட்டினது சரிதான், மாமா" என்றான். "அதாலைதான் அவ்வளவு காலமெண்டாலும் இருந்திருக்கு."

மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உப்பு?" என்றாள்.

"உப்புக்கும் உதுக்கும் தொடர்பெண்டு நான் படிச்ச புத்தகத்திலை ஒண்டும் இல்லை, மாமி."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு என்னைப் பாராமல் சொன்னாள்: "நானும் குடுத்தனான். கடைசி வாய்ச் சோத்துக்குள்ளை ஒரு கல்லு வைச்சுத் தீத்துவன். பெட்டை என்ரை விரலையும் சேத்துச் சூப்பும். இவர் நான்தான் எண்டு சொல்லேக்கை நான் வாய் துறக்கேல்லை. ஊர் இவரைச் சொல்லேக்கையும் துறக்கேல்லை. நான்தான் பெட்டையைச் சாகடிச்சனான் எண்டு இருந்தனான்."

மருமகன் அவளைத் தேற்றினான். நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அன்று அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சத்தமாய் அழுதாள். அழுது முடிந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

அவளுக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. மருமகனுக்காக அதை எழுதுகிறேன். உப்புக் கொடுத்த நாலு நாளும் பிள்ளை ஓடினாள். உப்பை நிறுத்திய எட்டு நாளில் செத்தாள். புத்தகத்தில் இல்லை என்கிறாய், தம்பி. நான் படிக்காதவன், பிழையாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்தவன். கொடுத்ததால் அவள் சாகவில்லை, கேட்கக் கேட்கக் கொடுக்காததால்தான் செத்தாள் என்று என் மனம் சொல்கிறது. பெரிய வைத்தியர்களிடம் கேட்டுப் பார். அவர்கள் ஓம் என்று சொன்னாலும் மாமிக்கு மட்டும் சொல்லிவிடாதே. அவள் இப்போதுதான் சாப்பிடுகிறாள்.

விய வருடம் (1946), ஆவணி மாதம், ஒன்பதாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை.