ஒரு கைக்கு அடக்கம்

மனித உடலின் ஒரு பகுதியை மட்டும் அடக்கம் செய்வதற்கு நகராட்சியில் தனிப் படிவம் கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். முழு உடல் என்றால் பெயர், வயது, தகப்பன் பெயர், இறந்த காரணம் என்று கட்டங்கள் இருக்கின்றன. பெயரில்லாத ஒரு கையைக் கொண்டுவந்து நீட்டினால் அது எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது. ஆனாலும் தூத்துக்குடியில் அப்படி ஓர் அடக்கம் நடந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். அதற்குக் காரணமானவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் கடற்கரைத் தெருவில் இன்டர்மீடியட் முடித்த முதல் பெண். பாளையங்கோட்டையில் கன்னியர் விடுதியில் தங்கிப் படித்தாள். முடித்த கையோடு மதராசில் டாக்டர் படிப்புக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாள். தெருவில் யாரும் அதை எதிர்க்கவில்லை. நடக்கப் போவதில்லை என்று தெரிந்த காரியத்தை யாரும் எதிர்ப்பதில்லை.

அந்தக் கோடையில் மதராசில் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் சிலர் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். டாக்டர் வாசனையே இல்லாத வீடுகளிலிருந்து விண்ணப்பம் போட்டிருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, லீவில் ஊருக்கு வருகிறவர்கள் நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்ய வேண்டும். எங்கள் பங்குக்கு வந்தவள் அதே ஜில்லாவில் இருக்கும் நாசரேத்து ஊர்க்காரி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளே மிஷன் உதவிப்பணத்தில்தான் படித்தாள். வேதம் ஒன்றானாலும் சபை வேறு; நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் புராட்டஸ்டன்ட். எங்கள் கோயில் வழக்கில் அவர்கள் பதிதர்கள், வழி தவறியவர்கள். அம்மா முதல் நாள் அவளை முன்னறையிலேயே உட்காரவைத்து மோர் கொடுத்தாள். மூன்றாம் நாள் குசினிக்குள் கூப்பிட்டு மீன் குழம்பு ஊற்றினாள். நான் அவளை நாசரேத்து அக்கா என்று கூப்பிட்டேன்.

"கமிட்டியில இருக்கவங்க உன்னயப் பார்த்ததுமே கடற்கரைப் பிள்ளைன்னு முடிவு பண்ணிருவாங்க. பயப்படுதியான்னு பார்க்க ஒரு எலும்பத் தூக்கிக் கையில குடுப்பாங்க. எந்தப் பக்கத்து எலும்புன்னு கேப்பாங்க. அத நீ கருவாடு மாதிரிப் பிடிக்கக் கூடாது" என்றாள் அவள்.

"கருவாட்ட எப்படிப் பிடிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமாக்கும்?" என்றாள் அக்கா.

"தெரியாது. அத நீ சொல்லிக் குடு. இத நான் சொல்லுதேன்."

மறுவாரம் ஒரு பிஸ்கட் தகரத்தில், பழைய சேலைத் துணியில் சுற்றி, தோளிலிருந்து விரல்நுனி வரைக்குமான ஒரு கையின் எலும்புகளைக் கொண்டுவந்தாள். கல்லூரிச் சொத்து. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியது. விடுதிக்கு வெளியே கொண்டுபோக முன் அனுமதி வேண்டும், அவள் வாங்கவில்லை. பதினைந்து நாள் கழித்துக் கல்லூரி திறக்கும்போது சரக்குக் கணக்கெடுப்பில் காட்ட வேண்டும். அதுவரை தகரத்தை அக்காவிடம் விட்டுவிட்டு நாசரேத்துக்குப் போனாள்.

அக்கா அதைத் தன் டிரங்குப் பெட்டியில் புத்தகங்களுக்கு அடியில் வைத்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் மாதா பேரில் சத்தியம் வாங்கினாள். மத்தியான நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கையில் எலும்பும் மறு கையில் என் கையுமாக உட்கார்ந்து, சதைக்கு மேலேயே அழுத்தித் தடவி ஒவ்வொன்றின் பெயரையும் சொல்வாள். வலிக்கும். சொன்னால் புளிமிட்டாய் கிடைக்காது.

எனக்கு அது புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற வருஷம். அதற்கு முன் பங்குச் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பாவங்களை எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும் என்று கன்னியர் பாடம் நடத்தியிருந்தார்கள். நான் எவ்வளவு யோசித்தும் மூன்றுக்கு மேல் தேறவில்லை. என் வகுப்புக்காரிகள் ஏழு, எட்டு என்று தயாராக வைத்திருந்தார்கள். மூன்று பாவத்தோடு சாமியார் முன்னால் போய் முழங்கால் போடுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா அந்த வாரம் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் என் மூன்றையும் சொல்லிவிட்டு, நான்காவதாக, அக்கா செத்தவர் கையைப் பெட்டியில் வைத்திருக்கிறாள் என்றேன்.

கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"அது உன் பாவமில்ல. ஆனா தெரிஞ்சும் அம்மாகிட்ட மறைச்சா அது உன் பாவம்" என்றார் சாமியார்.

மறைக்காமல் இருப்பதற்காக நேரே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தகரத்தைத் திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து முந்தானையால் துடைத்தாள். "யாரு பெத்த பிள்ளையோ. ஒரு பிடி மண்ணு போட ஆள் இல்லாமப் போச்சே" என்றாள். எங்கள் அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியோடு யுத்த காலத்தில் போனவர். ஒரு பலகை கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. அம்மா அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரைக் கூட்டிவரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் கீழவைப்பார் திருவிழாவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். உபதேசியாரே கல்லறைத் தோட்டத்தில் மந்திரம் சொல்லி அடக்கத்தை முடித்தார். நானும் ஒரு பிடி மண் போட்டேன். பாவம் குறைந்த நிம்மதியில் நன்றாகச் சாப்பிட்டேன்.

மத்தியானம் அக்கா வந்தாள். காலியான தகரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனாள்.

"அது காலேஜ் சாமான், உபதேசியாரே."

"சாமானா? பேர் தெரியலன்னா மனுசன் சாமானாயிருவானா? அடக்கம் பண்ணுனத எடுக்கணும்னா சாமிக்கும் மேல இருக்க மேற்றிராணியார் உத்தரவு வேணும், பிள்ளே. சாமி வந்தப்புறம் எழுதிப் போடச் சொல்லுதேன். ஒரு மாசம் ஆகும்."

பதிவேட்டையும் எடுத்துக் காட்டினார். பெயர்: தெரியாது. வயது: தெரியாது. குறிப்பு: கை மட்டும். அவ்வளவு நேர்மையான பதிவை நான் என் உத்தியோகக் காலத்தில் அதிகம் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் நாசரேத்து அக்கா வந்தாள். சாயங்காலம் ரயில். விஷயத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இது இல்லாமப் போனா என்னய விசாரிப்பாங்க. யாருக்காகக் கொண்டுபோனேன்னு கேப்பாங்க. உன்னயப் பத்தி நான் அனுப்புன கடிதமும் உன் விண்ணப்பத்தோட இருக்கு. உன் பேரு தானா வெளிய வந்துரும்."

"எவ்வளவு ஆழம்ளா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"ஒரு முழம்" என்றேன். மணல்தானே.

கூட வருகிறேன் என்ற நாசரேத்து அக்காவை அக்கா தடுத்துவிட்டாள். பதித வீட்டுப் பெண் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றால் தெருவே கூடிவிடும். வெயில் உச்சியில் இருந்தபோது, மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, இடம் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

முக்காடு போட்டு, கையில் செபமாலையோடு, சுடுமணலில் உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாத அழுகை; மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து நிறுத்தவில்லை. சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மண்வெட்டிப் பிடியையும் பார்த்தாள்.

"ஏளா, நீ படிச்சவ. ஒண்ணு கேக்கேன்."

"கேளும்மா."

"அது எந்தக் கை?"

"இடது."

"வயசு என்ன இருக்கும்?"

"நாப்பதுக்கு மேல இருக்கும்."

அம்மா மணலைத் தடவினாள்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

அக்கா சாக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"ஆம்பளதாம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு விட்ட மணியிலிருந்து செபத்தைத் தொடர்ந்தாள்.

அது தப்பான பதில். தகரத்தைத் திறந்த முதல் நாளே நாசரேத்து அக்கா எங்களுக்குச் சொல்லியிருந்தாள்: எலும்பு மெல்லிசு, முனைகள் இன்னும் சரியாக ஒட்டவில்லை, இருபது வயதுகூட நிரம்பாத பெண். இந்தப் பாடத்தை அக்கா எத்தனையோ தடவை என்னிடம் ஒப்பித்திருக்கிறாள். எனக்கே மனப்பாடம். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா என் புறங்கையில் கிள்ளினாள்.

தோண்டாமலே திரும்பினோம். வீட்டு வாசலில் காத்திருந்த நாசரேத்து அக்காவிடம், "அங்கன ஆள் இருக்கு" என்று மட்டும் அக்கா சொன்னாள். "சாயங்காலம் வரைக்கும் இருக்குமா?" என்று அவள் கேட்டாள். "எப்பவும் இருக்கும்" என்றாள் அக்கா. நாசரேத்து அக்கா காலித் தகரத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. கல்லூரியில் நாசரேத்து அக்காவிடம் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தாள். உதவிப்பணத்தை நிறுத்தினார்கள். மாணவர்கள் வெளியில் போய்ப் பாடம் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார்கள். அக்காவுக்கு நேர்முகத் தேர்வு அட்டை வரவில்லை. வராது என்று தெரிவித்தும் கடிதம் வரவில்லை; நிராகரிக்கும் அலுவலகங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. தை மாதம் அவளை வேம்பாரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் தோணியில் வேலை.

அந்த டாக்டர் படிப்பு என்ன ஆயிற்று என்று தெருவில் பலரும் என்னைக் கேட்டார்கள். அவர்களுக்கெல்லாம் நான் உள்ளதைச் சொன்னேன். அக்கா சரியாகப் படிக்கவில்லை, அவளுக்கு ஆண் கைக்கும் பெண் கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நானே பக்கத்தில் நின்று கேட்டேன் என்று.