“ஊரில எவடம்?”

ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம் நான் மேற்பார்வை பார்த்த இறைச்சித் தொழிற்சாலைக்கு அவர் வேலை கேட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் தையல் போட்ட நீளத் தழும்பு. வெட்டிக் காட்டச் சொன்னேன். ஆட்டுத் தொடையை நோகாமல் பிரித்தார். இரண்டு கத்திகள் மாற்றிக் கொடுத்தேன். இரண்டையும் கூர் தன் பக்கம் இருக்க, பிடியை என்னிடம் நீட்டித்தான் திருப்பித் தந்தார்.

குற்றப் பதிவு உண்டா என்ற கேள்வியை, சட்டச் சிக்கல் வருமென்று அலுவலகம் விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தது. நானும் அதைக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டேன்.

“அண்ணை ஊரில எவடம்?”

அவர் சிரித்தார். “ஊரைச் சொன்னா நீங்கள் நாலு பேரிட்ட விசாரிப்பியள் தம்பி. அதுக்கு நானே சொல்லுறன். கோஷ்டிச் சண்டையில ஒருத்தன்ர கையை வாளால வெட்டினனான். கை டோனட் கடை வாசல்ல கிடந்தது. ஏழு வருஷம் உள்ளுக்கு இருந்தனான்.”

“போன் எடுத்துச் சொல்லுறம்” என்றேன். எடுக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரன் ஒருவனை வேலைக்கு எடுத்தேன். ஊர் தெரிந்ததால் வேறொன்றும் விசாரிக்கவில்லை. மூன்றாம் வாரம், கையுறை ஒன்றைக் காணவில்லை என்ற வாய்ச்சண்டையில், அவன் பக்கத்தில் நின்றவனின் வயிற்றில் கத்தியை இறக்கினான். அம்புலன்ஸ் வரும்வரை குடலை நான்தான் பொத்திப் பிடித்திருந்தேன்.

அந்தத் தழும்பு மனிதரை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்குமென்று எனக்குத் தெரியாது. இப்போதும் யாரிடமாவது ஊர் கேட்க வாயெடுத்தால், உள்ளங்கையில் அந்தக் குடலின் சூடு தெரிகிறது.