கொரிய மலையில் கூப்பிடாத பெயர்

ஊரார் 'மானாங்', அதாவது அக்கா, என்று அழைக்கும் திபாங் எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் கூட வந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பாள். "வா, போகலாம், இங்கேயே தங்கிடாத" என்பாள். கூப்பிடாமல் வந்தால் உடம்புதான் வீடு சேரும், உயிர் அங்கேயே நின்றுவிடும். பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது. மற்றவர்கள் ஆற்றங்கரையிலும் கல்லறையிலும் கூப்பிடுவார்கள். இவள் சந்தையிலிருந்து கிளம்பும்போதும் கூப்பிடுவாள்.

காரணம் இருந்தது. அவள் கணவன் பெலாஹியோ 1951இல் கொரியாவுக்குச் சண்டைக்குப் போனான். யாருடைய சண்டை என்று அவனுக்கும் தெரியாது, அனுப்பியவர்களும் சொல்லவில்லை. ஏப்ரலில் ஒரு மலையில் குண்டு பட்டுச் செத்தான். உடம்பைப் பிறகு யாரோ எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஆணியடித்த பெட்டி வந்தது. திபாங் பெட்டியைத் தொடக்கூட இல்லை. கடைசிவரை அவன் பக்கத்தில் நின்று சண்டை போட்ட எர்மோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மலையை விட்டுக் கிளம்பும்போது அவரைக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் மானாங். மூணு தடவை, பேர் சொல்லி."

அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டினாள். புகையிலையை மூங்கில் குச்சியில் கோர்த்துக் கோர்த்து விரலெல்லாம் கறுத்துப்போயின. இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். வீட்டில் ஆள் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பினாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவனுக்குச் சோறும் அவித்த முட்டையும் கரும்பு மதுவும் படைப்பாள். எர்மோவும் வருவான், படைத்ததைப் பிறகு சாப்பிடுவான். அவன் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "எர்மோ, வா, முழுசா வீடு போய்ச் சேரு" என்று கூப்பிட்டு அனுப்புவாள்.

நகர மண்டபத்திலும் ஏப்ரலில் கொரியாவில் செத்தவர்களுக்கு நினைவு விழா உண்டு. அதிகாரிகளுக்குப் பந்தல், விதவைகளுக்கு வெயில். எர்மோவின் பேச்சு வருடா வருடம் நீண்டுகொண்டே போனது. இந்த வருடம் குரல் தழுதழுக்கச் சொன்னான்:

"பெலாஹியோ விழுந்தான். மூச்சு விட்டாக்கூட சுட்டுருவானுங்க. துணியை வாயில திணிச்சுக்கிட்டு இறங்கினோம். ஆத்தைத் தாண்டுற வரைக்கும் ஒருத்தன் வாயிலேருந்தும் சத்தம் வரல."

கைதட்டல் அடங்கவே இல்லை. மேயர் கண்ணைத் துடைத்தார். திபாங் மட்டும் கைதட்டவில்லை; மூன்று தடவை கூப்பிட்டேன் என்று அவளிடம் சொன்னவன் இவன்தான்.

வழக்கம்போல எர்மோ வீட்டுக்கு வந்தான். அவள் படைக்கவில்லை. தட்டை நேராக அவன் முன்னால் வைத்தாள்.

"அவருக்கு வைக்கலையா மானாங்?"

"வராத ஆளுக்கு எதுக்கு? நீ சாப்பிடு. இத்தனை வருஷமா உனக்குத்தான் ஆக்கியிருக்கேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கை தட்டிலேயே நின்றது.

"கூப்பிட்டிருந்தா நானும் செத்திருப்பேன்."

"நீ சாகணும்னு நான் சொன்னேனா? மனசுக்குள்ளயாவது கூப்பிட்டியா?"

"ஓடத்தான் தோணுச்சு."

"நான் காசில்லாத புகையிலைக்காரிதான், ஆனா அதை அன்னிக்கே சொல்லியிருந்தா கடன் வாங்கியாவது நானே அந்த மலைக்குப் போய்க் கூப்பிட்டிருப்பேன். இருபது வருஷமா அவரு பனியில நிக்கிறாரு, நீ இங்க முட்டை திங்கிற."

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கி, அங்கேயே நின்றான். அவள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தான்.

திபாங் கதவைச் சாத்தினாள்.